ரஹீம் பாய் குரல் கொடுத்த காலை

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. திரையில் ஏழுமலை மாமாவின் பெயர். அவர் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் கூப்பிடுவார், மறுநாள் ஓடைக்கு வருகிறோமா என்று கேட்பதற்காக. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "என்ன அண்ணே, செவ்வாய்க்கிழமையில?" என்றார்.

"மேடம்" என்றார் ஏழுமலை மாமா. பின்னால் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது. "பாய் பூட்டாரு மேடம். விடிகாலம் தொழுவறதுக்கு எழுந்தாராம். அப்படியே குந்திகினாராம். அவ்ளோதான்."

நான் ஒரு காலில் சாக்ஸ் போட்டிருந்தேன். இன்னொன்று கையில் இருந்தது. அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

ஓடைக்கரைக்கு வருகிறவர்களுக்கு ரஹீம் பாயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியது குறைவு. ஆனால் இதைப் படிக்கும் சிலருக்கு அவரைப் புதுப்பட்டினம் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவராக மட்டும் தெரிந்திருக்கும். குக்கருக்குக் கேஸ்கட் கேட்டுப் போனால், "மூடி மேல கோவத்தக் காட்டாதம்மா, கேஸ்கட் இன்னும் ரெண்டு வருசம் வரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர். அவர்களுக்காக அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது எல்லோரும் அழைத்த பெயரையே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு அணுபுரத்தில். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில், ஏரி நிரம்பினால் அதன் கலங்கலில் வழிகிற தண்ணீர் ஓர் ஓடையாகச் சவுக்குத்தோப்புகளுக்கு நடுவே ஓடி உப்பங்கழியில் சேர்கிறது. அதற்குத் தனிப் பெயர் கிடையாது. நல்ல மழை பெய்த வருடத்தில்கூட ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு கரையையும் தொட்டுவிடும். அந்த அகலத்துக்குள்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூண்டில்காரர்கள் உட்காருகிறார்கள். நாலைந்து பேர் வந்தாலே கூட்டம். கடலிலும் ஏரியிலும் ஒருவர் செய்வது இன்னொருவரைத் தொடாது. இந்த ஓடையில் ஒருவர் தும்மினால் அடுத்தவருடைய தக்கை ஆடும்.

என் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால் கரையில் வளர்ந்தவர். அலுவலக வேலைக்காக இங்கே மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே இந்த ஓடையைக் கண்டுபிடித்துவிட்டார். முதல் நாள் அம்மா தூண்டிலோடும் நான் புத்தகத்தோடும் போய் நின்றபோது, கரையில் கட்டம் போட்ட லுங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா சற்றுத் தள்ளி நின்று, "இங்க உட்காரலாங்களா?" என்று கேட்டார்.

அவர் திரும்பிப் பார்த்து, முகம் மலரச் சிரித்தார். "கேட்டீங்க பாருங்க, அது போதும். எங்க வேணாலும் குந்துங்க தங்கச்சி. எனக்கு மேல மட்டும் தண்ணில கால் வெச்சுடாதீங்க. கலங்கினா கீழ கீறவங்க எல்லாருக்கும் பேஜாரு."

அம்மா அவருக்குக் கீழ்ப்புறம் போய் உட்கார்ந்தார். தன் நிழல் தண்ணீரில் விழாதபடி பின்னால் சுற்றிப் போனார். அதையும் ரஹீம் பாய் கவனித்தார். அம்மா மண்புழுவைக் கோத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. அடுத்து ஒரு கெண்டை. அப்புறம் இன்னொரு ஜிலேபி. ரஹீம் பாயின் தக்கை அசையவே இல்லை.

"இன்னா தங்கச்சி இது! வந்த அன்னிக்கே எங்க ஊரு மீனையெல்லாம் கூட்டிகினு போறீங்க?"

"உங்க தூண்டில் முள்ளு ரொம்பப் பெருசு பாய். இந்த முள்ளை இந்த மீனால வாய்ல வைக்க முடியாது."

"அது இந்த மீனுக்கு இல்ல" என்றார் அவர், கொஞ்சம் கௌரவமாக. "கொடுவாக்கு."

பிறகு எங்களுக்குப் புரிந்தது. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்துகொண்டால், கடலிலிருந்து கொடுவா உப்பங்கழிக்குள் வந்து, எப்போதாவது இந்த ஓடையிலும் ஏறும். அந்த 'எப்போதாவது'க்காக ரஹீம் பாய் வருடம் முழுவதும் பெரிய முள்ளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதனால் சின்ன மீன்கள் அவருடைய இரையை நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போயின. உண்மையைச் சொன்னால் அவர் நல்ல தூண்டில்காரர் இல்லை. அவர் பிடித்து நான் பார்த்த மீன்களை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுவிடலாம், பக்கத்தில் சட்டினிக்கும் இடம் இருக்கும். ஆனால் எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரத்தான் ஆசைப்பட்டார்கள். ஓடையைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

யாராவது வந்து பையை எட்டிப் பார்த்து, "எத்தினி மாட்டுச்சு பாய்?" என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "அத்த கேக்காத. டீ குடிச்சியான்னு கேளு. அதுக்கு எல்லாராலயும் பதில் சொல்ல முடியும்" என்பார். பிளாஸ்க் திறக்கும். நல்ல இடம் ஒன்று இருந்தது, சவுக்கு வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிய வளைவில். அதில் யார் முதலில் வந்து உட்கார்ந்தாலும், இரண்டு மீன் எடுத்தபின் எழுந்து அடுத்தவருக்கு விட வேண்டும் என்பது கரையின் வழக்கம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. "தண்ணி யாரு வூட்டு சொத்தும் இல்ல. குந்தின எடம் குந்தினவனுது. அதுவும் அவன் எழுந்திருக்கிற வரைக்கும்தான்" என்பார் ரஹீம் பாய். அவருக்கு இரண்டு மீன் கிடைப்பதே இல்லை என்பதால், முறைப்படி அவர் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவார். "மீன் வரலன்னா அது என் கொறை. அதுக்காக ஒங்கள எதுக்குக் காக்க வெக்கணும்?"

ஒருமுறை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் பையன்கள் சிலர் பைக்கில் வந்திருந்தார்கள். பளபளக்கும் ராடும் ரீலும் வைத்திருந்தார்கள். வளைவு இடத்தில் ஒரு துண்டை விரித்துப் போட்டுவிட்டு நாஸ்தா வாங்கப் போய்விட்டார்கள். பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல. நேரம் போய்க்கொண்டே இருந்தது, துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. கரையில் இருந்தவர்களுக்குக் கோபம். ஒருவர் துண்டைத் தூக்கித் தண்ணீரில் போடப் போனார். ரஹீம் பாய் தடுத்தார். தன் தூண்டிலோடு போய்த் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதனிடம் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, கொஞ்சம் நகந்து குந்துறீங்களா? இன்னா, காலைலேர்ந்து ஒண்ணும் மாட்டலியா? எனக்கும் அதான். டீ சாப்புடுறீங்களா?"

பையன்கள் பொட்டலங்களோடு திரும்பி வந்தபோது அவர் துண்டுக்கு எதிரே ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்திருந்தார். முதலில் முழித்தார்கள். அப்புறம் ஒருவன், "மச்சான், துண்ட எட்றா" என்று தலையில் அடித்துக்கொண்டான். தாங்கள் வாங்கி வந்த பொங்கலில் அவருக்கும் பங்கு கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். அவர்கள் இப்போதும் வருகிறார்கள், கேட்டுவிட்டு உட்காருகிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒருவரோடு மட்டும் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான்.

ஏழுமலை மாமாவுக்கு செய்யூர்ப் பக்கத்தில் வேர்க்கடலை நிலம். மகளை இங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைப் பார்க்க டூவீலரில் வருகிறவர், அப்படியே ஓடைக்கும் வந்துவிடுவார். ஒரு நாள் அவர் பீடி பற்றவைக்கத் திரும்பியிருந்த நேரம் அவருடைய தக்கை தண்ணீருக்குள் முங்கியது. ரஹீம் பாய் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தனக்கும் ஏழுமலை மாமாவுக்கும் நடுவில் இருந்த என் அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, அந்தப் பக்கம் யாருக்கோ தக்கை முங்குது."

அம்மா சொல்வதற்குள் ஏழுமலை மாமா திரும்பி, கழியைத் தூக்கி, கெளுத்தியைக் கரையில் போட்டார். பிறகு அம்மாவிடம், "மேடம், சொன்னவங்களுக்குத் தேங்க்ஸுன்னு சொல்லிடுங்க" என்றார்.

"தங்கச்சி, பரவால்லன்னு சொல்லிடுங்க."

இப்படியே அந்த மழைக்காலம் முழுவதும் நடந்தது. இருவரும் பேச மாட்டார்கள். ஆனால் கரையின் மரியாதையில் ஒன்றையும் விட மாட்டார்கள். ஒருவருடைய தூண்டில் நரம்புக்கு மேலே இன்னொருவர் நரம்பை வீச மாட்டார்கள். வளைவு இடத்தில் முறை வந்தால் ஒருவர் எழுந்து போய் இன்னொருவருக்கு இடம் விடுவார், எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டே. ரஹீம் பாயின் பிளாஸ்க் டீயில் ஏழுமலை மாமாவுக்கும் ஒரு டம்ளர் உண்டு. அது அம்மா வழியாகப் போகும், கழுவித் துடைத்து அம்மா வழியாகவே திரும்பி வரும். ஒரு நாள் அம்மா, "நான் மீன் பிடிக்க வந்தேன், தபால் ஆபீஸ் நடத்த வரலை" என்று சொல்லிவிட்டு இடத்தை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். புத்தகத்தில் நான் விரலை வைத்தபடி, "மாமா, இரை தீர்ந்துட்டா இவர்கிட்ட இருக்காம்" என்று சொல்வேன்.

"எவராம்?" என்பார் ஏழுமலை மாமா, இரண்டு முழத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல்.

என்ன நடந்தது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நாங்கள் இங்கே வருவதற்கு முந்தைய ஒரு வருடத்தில், ரஹீம் பாய் அத்தனை காலம் காத்திருந்த கொடுவா உண்மையிலேயே வந்து அவருடைய பெரிய முள்ளில் மாட்டிவிட்டது. இந்தக் கரையில் பெரிய மீன் ஒருவருக்கு மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். அவ்வளவு சின்ன ஓடையில் மீன் எந்தப் பக்கமும் ஓடும், நரம்போடு நரம்பு சிக்கினால் போச்சு. ஏழுமலை மாமா தூக்கவில்லை. கொடுவா அவருடைய நரம்பைச் சுற்றிக்கொண்டு ஓர் உதறு உதறியது. அறுந்துவிட்டது.

"கழி வில்லாட்டம் வளையுது. நான் எழுந்து நின்னுகினு கீறேன். பக்கத்துல குந்திகினு கீறவனுக்குத் தெரியாதா?" இது ரஹீம் பாய்.

"நான் கீழ குனிஞ்சு புழு கோத்துகினு இருந்தேன் பாப்பா. 'தூக்கு'ன்னு ஒரு கொரலு குடுத்திருந்தா தூக்கியிருக்க மாட்டனா? மாட்னவன்தான் கத்தணும். அதான் மொறை. வாய இன்னா வூட்லயே வெச்சுட்டு வந்தாரா?" இது ஏழுமலை மாமா.

அறுந்த ஆத்திரத்தில் ரஹீம் பாய் எல்லோர் முன்னாலும், "மரியாத தெரியாதவன்லாம் எதுக்குத் தூண்டில் எடுத்துகினு வர்றான்?" என்று சொல்லிவிட்டார். வேறு இடத்தில் அது சாதாரணக் கோப வார்த்தை. இந்த ஓடையில் ஒரு மனிதரை அதற்கு மேல் திட்ட முடியாது. ஏழுமலை மாமா சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது.

போன வருடம் ரஹீம் பாய்க்கு நெஞ்சு வலி வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபின் தனியாக ஓடைக்கு வரக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவருடைய மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். மெலிந்திருந்தார். ஒரு காலை ஏழுமலை மாமா வருவதற்கு முன்னால் அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"எனக்கு இன்னும் எத்தினி மழைக்காலமோ தெரில தங்கச்சி. அந்தாளு கிட்ட ஒரு வார்த்த பேசிடணும்."

"பேசுங்க பாய். இதோ வந்துருவாரு."

"பேசலாம்னுதான் ஒவ்வொரு வாரமும் வர்றேன். வாயத் தொறந்தா அந்தக் கொடுவாதான் முன்னாடி வந்து நிக்குது."

"கொடுவா போய் எத்தனை வருஷம் ஆச்சு!"

"மீன் போச்சு. நான் சொன்ன சொல்லு போவலியே" என்றார் ரஹீம் பாய். அப்போது தோப்புக்குள் டூவீலர் சத்தம் கேட்டது. அவர் திரும்பி உட்கார்ந்து தக்கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது பேசுவாரா என்று. அவர் தொண்டையைச் செருமுவார். ஏழுமலை மாமா கழுத்தைக் கொஞ்சம் திருப்புவார். "பாப்பா, டீ வேணுமான்னு கேளு" என்று முடிந்துவிடும்.

இந்த மழைக்காலத்தில் நன்றாகப் பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். கலங்கல் வழிந்து, முகத்துவாரம் திறந்துகொண்டது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோப்பில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவு இடத்தில் ஏழுமலை மாமாவின் முறை. அவருக்குக் கீழ்ப்புறம் ரஹீம் பாய். அதற்கும் கீழே அம்மாவும் நானும். ரஹீம் பாயின் முள் தண்ணீருக்குள் ஒரு வேரில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பார்த்துவிட்டு, கலக்க வேண்டாம் என்று அப்படியே விட்டிருந்தார். நரம்பு விறைப்பாகத் தண்ணீரின் குறுக்கே நின்றது.

அப்போது ஏழுமலை மாமாவின் கழி வளைந்தது.

அது சாதாரண மீன் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. தண்ணீர் ஓரிடத்தில் வெள்ளையாக உடைந்தது, அகலமான ஒரு வால் தெரிந்தது. அம்மா சட்டென்று தன் நரம்பைத் தூக்கிவிட்டார். மீன் கீழ்ப்புறமாக, ரஹீம் பாயின் நரம்பை நோக்கித்தான் வந்தது. ஏழுமலை மாமா எழுந்து நின்றுவிட்டார். அவர் வாய் திறந்திருந்தது. "தூக்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. ரஹீம் பாயைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடி ரஹீம் பாயைப் பார்த்தார்.

ரஹீம் பாய் தன் கழியைத் தூக்கினார். வேர் விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார். விடவில்லை. கத்தி எங்கோ பைக்குள் இருந்தது. அவர் நரம்பை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அம்மா, "பாய், வேணாம்" என்று எழுந்தார். அதற்குள் அது அறுந்து, தளர்ந்து தண்ணீரோடு போனது. கொடுவா அந்த இடத்தை உடனே கடந்தது.

பிறகு அவர் கத்தினார். அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. தோப்பில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

"ஏய் ஏழுமல! கீழ வுடாதய்யா! கீழ வேர் கீது! மேல இழு, மேல இழு! மெதுவா! ஏன்யா அவசரம், மெதுவாய்யா!"

"இழுத்துகினுதான் பாய் கீறேன்!"

"இழுக்கற லட்சணமா இது? கழிய சாய்! எந்தப் பக்கம் சாய்க்கற! தெற்கால சாய்!"

"வாய மூடு பாய், மீன் பயந்துக்கும்!"

"அதுக்குக் காது கீதா?"

கொடுவா கரைக்கு வந்தபோது இருவருமே முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தார்கள். ஓடை மொத்தமும் கலங்கியிருந்தது. கீழ்ப்புறம் இருந்த ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புல்லில் கிடந்த மீன் என் கையைவிட நீளமாக இருந்தது. சூரியன் அப்போதுதான் தோப்புக்கு மேலே வந்தது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ரஹீம் பாய்தான் முதலில் பேசினார். ஏழுமலை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு நான் கத்தல."

ஏழுமலை மாமா மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"கத்தாம, ஒன்ன மரியாத தெரியாதவன்னு சொன்னேன். தப்பு."

ஏழுமலை மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, "இன்னிக்கு நானும்தான் கத்தல" என்றார்.

"ஆமா, ஏன்யா கத்தல? வாய் தொறந்துகினுதான இருந்தது?"

"பேச்சு வார்த்த இல்லாத ஆளுகிட்ட எப்டி பாய் கத்தறது?"

ரஹீம் பாய் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது, இருமிக்கொண்டே சிரித்தார். ஏழுமலை மாமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார். அம்மா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி, இரண்டு டம்ளரையும் ரஹீம் பாயிடமே கொடுத்தார். "இனிமே நீங்களே குடுத்துக்குங்க" என்றார்.

ஏழுமலை மாமா மீனில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரஹீம் பாய் மறுத்தார். அப்புறம் போகும்போது, "சரி, தலைய மட்டும் குடு. ஒம் மாப்ள வூட்ல அத்த வீணாக்கிடுவாங்க" என்றார். அடுத்த ஞாயிறு தூக்குப் பாத்திரத்தில் அந்தத் தலைக் குழம்பு கரைக்கு வந்தது. ஏழுமலை மாமா விரலை நக்கிக்கொண்டே, "கொஞ்சம் உப்பு ஜாஸ்தி" என்றார். "அது கடல் மீனுய்யா, அதுவே கொண்டாந்த உப்பு" என்றார் ரஹீம் பாய்.

அதற்குப் பிறகு அவர்கள் நிறையப் பேசியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பழையபடியேதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புழு கீதா?" "கீது." அவ்வளவுதான். ஓடைக்கரையில் சத்தம் போடக்கூடாது என்பதும் அவர்கள் காத்த மரியாதைகளில் ஒன்று. பேசுவதற்கு இனிமேல் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, நிம்மதியாகப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். தை முடிந்து மாசியும் வந்தது. ஓடையில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் ஏழுமலை மாமா, வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, யாருக்கும் வழியை மறைக்காமல் சுவரோரமாக நின்றிருந்தார். மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, இங்கே அது வழக்கமில்லை என்று யாரோ சொன்னதால் அதைப் பையிலேயே வைத்திருந்தார். ரஹீம் பாயின் மகன் வெளியே வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எங்க மொறை எனக்குத் தெரியும். ஒங்க மொறை தெரியாது. நான் எங்க நிக்கணும், எது தொடலாம், எது தொடக்கூடாது, சொல்லிடு. தப்பா எதுனா பண்ணிடப் போறேன்."

"நீங்க எங்க கூடயே வாங்க" என்றார் மகன். அவரைத் தோள் கொடுப்பவர்களுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். கபர்ஸ்தானில் எல்லோரையும்போல மூன்று பிடி மண் தானும் போட்டதாக ஏழுமலை மாமா பிறகு எங்களிடம் சொன்னார். வரிசையில் தன் முறை வரும்வரை நின்றதாகவும் சொன்னார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் போகிறோம். ரஹீம் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று யோசித்தால், "அன்னிக்கு நான் கத்தல" என்று அவர் சொன்னதுதான். மீன் பெரிது, ஆத்திரம் வந்தது, எவனுக்கும் வரும் என்றெல்லாம் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. என் வீட்டில், வகுப்பில், எங்கேயாவது நான் தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்குக் காரணங்களைத் தேட ஆரம்பிக்கும்போது அவர் குரல் கேட்கிறது. அப்போது காரணங்களை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். எல்லா முறையும் முடிவதில்லை. அவருக்கே வருடங்கள் ஆயின.

ஏழுமலை மாமா இப்போது நிறையப் பேசுகிறார். உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை பேசுகிறார். கடலை விலை, பேரனின் பல், செய்யூர் பஸ், அந்த வருடம் அறுந்துபோன கொடுவா எவ்வளவு பெரியது என்பது. அது வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. குரலையும் தணிப்பதில்லை. அந்தச் சின்ன ஓடையில் அவ்வளவு பேச்சுக்கு ஒரு மீனும் நிற்காது. ஓ.எம்.ஆர். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கரையில் இருக்கும் யாரும் அவரைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்வதில்லை. அம்மா அசையாத தக்கையைப் பார்த்தபடி, "அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?" என்று கேட்கிறார்.